'ஓரிரு இடங்களில் கனமழை' என்றால் என்ன? வரும் வார வானிலை அறிவிப்பை சரியாகப் புரிந்துகொள்வது எப்படி?

வடகிழக்கு பருவமழை தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டில் டீக்கடை முதல் குடும்ப வாட்ஸ்அப் குரூப் வரை ஒரே பேச்சுதான். "நாளைக்கு லீவு விடுவாங்களா?", "இந்த வாரம் ஊருக்குப் போகலாமா?", "ரெட் அலர்ட்டாமே, உண்மையா?" என்று கேள்விகள் வரிசை கட்டும். மறுநாள் வெயில் அடித்தால், "வானிலை மையம் சொன்னா அன்னைக்கு மழையே வராது" என்று கிண்டல். கொட்டித் தீர்த்துவிட்டால், "இவ்வளவு வரும்னு யாருமே சொல்லலையே" என்று கோபம்.

கணிப்புகள் தவறுவதும் உண்டுதான். ஆனால் பல நேரங்களில் சொல்லப்பட்டது ஒன்று, நாம் புரிந்துகொண்டது வேறொன்று. வானிலை அறிவிப்பில் வரும் 'ஓரிரு இடங்கள்', 'மிக கனமழை', 'மஞ்சள் அலர்ட்' போன்ற சொற்கள் சும்மா போடப்படுபவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வரையறை இருக்கிறது. அது தெரிந்தால், வரும் வாரத்துக்கான அறிவிப்பை வைத்து என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று ஓரளவு தெளிவாக முடிவெடுக்கலாம்.

இது ஏன் முக்கியம்? அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் தமிழ்நாட்டுக்கு சராசரியாக சுமார் 44 செ.மீ. மழை கிடைக்கிறது. மாநிலத்தின் ஆண்டு மழையில் இது கிட்டத்தட்ட பாதி. இந்தப் பாதி மழையும் மூன்று மாதமும் சீராகப் பெய்வதில்லை. சில நாட்களில், சில இடங்களில் மொத்தமாகக் கொட்டுகிறது. அந்தச் சில நாட்கள் எவை என்பதுதான் எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம்.

அறிவிப்பை யார் வெளியிடுகிறார்கள்?

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் சென்னை மண்டல மையம் நுங்கம்பாக்கத்தில் இயங்குகிறது. தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் மூன்றும் சேர்ந்து ஒரே வானிலை உட்கோட்டமாகக் கணக்கிடப்படுகின்றன. தினசரி அறிவிப்பு, மாவட்ட வாரியான எச்சரிக்கை, அடுத்த சில நாட்களுக்கான முன்னறிவிப்பு, மீனவர்களுக்கான எச்சரிக்கை ஆகியவை இங்கிருந்து வருகின்றன.

இவை தவிர, அடுத்த 3 மணி நேரத்துக்கு மட்டுமான குறுகிய கால அறிவிப்பு ஒன்றும் உண்டு. "காலை 10 மணி வரை 15 மாவட்டங்களில் மழைக்கு வாய்ப்பு" என்று டிவியில் ஓடுவது இதுதான். ரேடாரில் மேகக்கூட்டம் நகர்வதைப் பார்த்துச் சொல்லப்படுவது இது. இதையும் ஒரு வாரத்துக்கான முன்னறிவிப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அடுத்த 3 மணி நேரத்தில் மழை என்பதற்கு, நாள் முழுக்க மழை என்று அர்த்தமில்லை.

ஒரே வரியில் இரண்டு தகவல்கள்

"வரும் செவ்வாய்க்கிழமை கடலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்புள்ளது." பருவமழைக் காலத்தில் அடிக்கடி கேட்கும் மாதிரி வரி இது. இதில் எத்தனை இடத்தில் மழை, எவ்வளவு மழை என்று இரண்டு தகவல்கள் இருக்கின்றன. பெரும்பாலானோர் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு முதலாவதை விட்டுவிடுகிறார்கள்.

முதலில் இடம். ஒரு பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் எத்தனை சதவீதத்தில் மழை பதிவாகும் என்பதைத்தான் இந்தச் சொற்கள் குறிக்கின்றன.

* ஓரிரு இடங்களில்: 25 சதவீதம் வரையிலான நிலையங்கள்
* ஒருசில இடங்களில்: 26 முதல் 50 சதவீதம்
* அநேக இடங்களில்: 51 முதல் 75 சதவீதம்
* பெரும்பாலான இடங்களில்: 76 சதவீதத்துக்கு மேல்

அப்படியென்றால் 'மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் கனமழை' என்பது, நாலில் மூன்று பங்கு இடத்தில் கனமழை இருக்காது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. சிதம்பரத்தில் கொட்டி, விருத்தாசலத்தில் தூறலோடு நின்றுவிட்டால் அறிவிப்பு பொய்யாகிவிடவில்லை. விருத்தாசலத்துக்காரருக்கு "மழையே வரலையே" என்று தோன்றும். சிதம்பரத்துக்காரருக்கு வாசலில் தண்ணீர் நிற்கும். இரண்டு பேர் கேட்டதும் ஒரே அறிவிப்பைத்தான்.

இரண்டாவது அளவு. 24 மணி நேரத்தில் பதிவாகும் மழையை வைத்து இது பிரிக்கப்படுகிறது.

* லேசான மழை: 1.5 செ.மீ. வரை
* மிதமான மழை: சுமார் 1.6 முதல் 6.4 செ.மீ. வரை
* கனமழை: சுமார் 6.5 முதல் 11.5 செ.மீ. வரை
* மிக கனமழை: சுமார் 11.6 முதல் 20.4 செ.மீ. வரை
* அதி கனமழை: 20.4 செ.மீ.-க்கு மேல்

செ.மீ. கணக்கில் கேட்கும்போது இதெல்லாம் சின்ன எண்ணாகத் தெரியும். தண்ணீராக மாற்றிப் பார்த்தால்தான் கனம் புரியும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர் தண்ணீர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர், அதாவது ஒரு தண்ணீர் லாரி அளவு விழுகிறது. அதி கனமழையின் தொடக்க அளவான 20.4 செ.மீ. என்றால் ஏறக்குறைய 19,000 லிட்டர். ஒரு தெருவில் உள்ள எல்லா வீடு, சாலை, காலி மனைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தால், வடிகால் ஏன் திணறுகிறது என்பது புரியும்.

நேரமும் இதில் முக்கியம். 10 செ.மீ. மழை நாள் முழுக்க நின்று நிதானமாகப் பெய்தால் பல ஊர்கள் தாங்கிக்கொள்ளும். அதே 10 செ.மீ. இரண்டு மணி நேரத்தில் இறங்கினால் சுரங்கப்பாதைகள் நிரம்பிவிடும். ஆனால் இரண்டும் அறிவிப்பில் 'கனமழை' என்ற ஒரே சொல்லில்தான் வரும்.

8.30 மணி கணக்கு

இங்கேதான் பலருக்கு தேதி குழப்பம் வருகிறது. வானிலை மையத்தின் ஒரு நாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை, காலை 8.30 மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. சனிக்கிழமைக்கு ஆரஞ்சு அலர்ட் என்றால் அது ஞாயிறு காலை 8.30 மணி வரை பொருந்தும். சனி பகல் முழுக்க வெயில் அடித்து, நள்ளிரவில் கொட்டினாலும் அது சனிக்கிழமை கணக்குதான். "சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் காணோம், அலர்ட் அவ்வளவுதான்" என்று நிம்மதியாகத் தூங்கப் போவது சரியல்ல. வடகிழக்கு பருவமழையில் கடலோர மாவட்டங்களில் இரவிலும் அதிகாலையிலும் மழை வலுப்பது வழக்கமான ஒன்று.

நிறங்கள் சொல்வது என்ன?

பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிறங்கள். இவை மழையின் அளவை மட்டும் காட்டுபவை அல்ல. மக்களும் அதிகாரிகளும் என்ன செய்ய வேண்டும் என்பதற்கான குறியீடுகள்.

* பச்சை: எச்சரிக்கை இல்லை
* மஞ்சள்: கவனியுங்கள், அடுத்தடுத்த அறிவிப்புகளைப் பாருங்கள்
* ஆரஞ்சு: தயாராக இருங்கள்
* சிவப்பு: நடவடிக்கையில் இறங்குங்கள்

நடைமுறையில் கனமழை வாய்ப்புக்கு மஞ்சள், மிக கனமழைக்கு ஆரஞ்சு, அதி கனமழைக்கு சிவப்பு என்று வருவதைப் பார்க்கலாம். ஆனால் மழை நடக்கும் வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் பாதிப்பு எவ்வளவு என்ற இரண்டையும் பார்த்துத்தான் நிறம் முடிவாகிறது. மஞ்சள் என்றால் 'கொஞ்சம் மழை' என்றும், சிவப்பு என்றால் 'ஊர் முழுக்க வெள்ளம்' என்றும் எடுத்துக்கொள்வது தவறு. சிவப்பு அலர்ட் உள்ள மாவட்டத்திலும் சில ஊர்கள் நனையாமல் தப்பலாம். ஆனால் அந்த ஊர் எது என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் மாவட்டம் முழுவதும் தயாராக வேண்டியிருக்கிறது.

இன்னொன்று: பள்ளி விடுமுறை அறிவிப்பது வானிலை மையம் அல்ல. மழை நிலவரத்தையும் எச்சரிக்கையையும் பார்த்து அந்தந்த மாவட்ட ஆட்சியர்தான் முடிவெடுக்கிறார். அதனால் ஒரே நிறத்தில் இருக்கும் இரண்டு மாவட்டங்களில் ஒன்றில் லீவு, மற்றொன்றில் பள்ளி என்பதெல்லாம் நடக்கும்.

தாழ்வு பகுதி முதல் புயல் வரை

வங்கக்கடலில் உருவாகும் சுழற்சிகளுக்கு காற்றின் வேகத்தை வைத்தே பெயர் மாறுகிறது.

* காற்றழுத்த தாழ்வு பகுதி: மணிக்கு 31 கி.மீ.-க்கும் குறைவு
* காற்றழுத்த தாழ்வு மண்டலம்: 31 முதல் 49 கி.மீ.
* ஆழ்ந்த காற்றழுத்த தாழ்வு மண்டலம்: 50 முதல் 61 கி.மீ.
* புயல்: 62 முதல் 88 கி.மீ.
* தீவிர புயல்: 89 முதல் 117 கி.மீ.

இதற்கு மேலும் படிநிலைகள் உண்டு. புயல் என்ற கட்டத்தை எட்டும்போதுதான் பெயர் வைக்கப்படுகிறது. இந்தப் பட்டியல் முழுக்க காற்றைப் பற்றியது, மழையைப் பற்றியது அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது. 'வெறும் தாழ்வு பகுதிதானே' என்று அலட்சியமாக இருந்தால் என்ன ஆகும் என்பதை தென் மாவட்டங்கள் 2023-ல் பார்த்தன.

அந்த ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக்கடல் பகுதியில் இருந்தது ஒரு வளிமண்டல சுழற்சி மட்டுமே. அதற்குப் பெயர் கிடையாது, புயல் கூண்டு பரபரப்பும் கிடையாது. ஆனால் 18-ம் தேதி காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. தமிழ்நாட்டின் ஓராண்டு சராசரி மழையே 90 செ.மீ.-க்கு சற்று மேல்தான். கிட்டத்தட்ட ஒரு வருட மழை ஒரே நாளில் ஓர் ஊரில் இறங்கியது. தாமிரபரணியில் பெருவெள்ளம். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். எச்சரிக்கை போதுமானதாக இருந்ததா, உரிய நேரத்தில் வந்ததா என்ற விவாதம் மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் இடையே அரசியல் மோதலாகவே மாறியது.

புயலாக இருந்தாலும், அது கரையைக் கடக்கும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது போதாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் அதற்கு முன்பே சென்னை மூழ்கியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அதே பகுதியில் பல மணி நேரம் கிட்டத்தட்ட நகராமல் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் சுமார் 50 செ.மீ. மழை. "கடந்துடுச்சு, இனி பிரச்சனை இல்லை" என்று நினைத்த நேரத்தில், அடுத்த நாள் கடலோரமே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. திருவண்ணாமலையில் மண்சரிவில் 7 பேர் உயிரிழந்தனர். தென்பெண்ணை கரையோர ஊர்களில் வெள்ளம் புகுந்தது.

7 நாள் முன்னறிவிப்பில் எந்த நாளை எவ்வளவு நம்பலாம்?

ஒரு வார முன்னறிவிப்பில் ஏழு நாளும் ஒரே தரத்தில் இருப்பதில்லை. முதல் இரண்டு நாட்களுக்கான கணிப்பில் மாவட்டம், மழை அளவு இரண்டையும் ஓரளவு நம்பித் திட்டமிடலாம். மூன்றாவது முதல் ஐந்தாவது நாள் வரை, மழைக்கான போக்கு எந்தப் பக்கம் என்று தெரியும். வட கடலோரமா, டெல்டாவா, தென் மாவட்டங்களா என்பது மாறலாம். ஆறாவது, ஏழாவது நாள் என்பது பொதுவான குறிப்பு. 'அடுத்த வாரக் கடைசியில் கடலில் ஒரு சுழற்சி உருவாகலாம்' என்ற அளவில்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

காரணம் எளிது. கணினி மாதிரிகள் பூமியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. இந்தியா 2025 மே மாதம் அறிமுகப்படுத்திய பாரத் முன்னறிவிப்பு அமைப்பில் ஒரு கட்டம் 6 கி.மீ. நுணுக்கத்தில் இருக்கிறது. இதற்கு முன்பு அது 12 கி.மீ. கட்டம் சிறிதானால் நுணுக்கம் கூடும். ஆனாலும் இன்றைய தகவலில் இருக்கும் சின்னப் பிழை நாளுக்கு நாள் பெருகும். கடலுக்கு மேல் நிலத்தைப் போல அளவீட்டு நிலையங்களும் கிடையாது. சுழற்சியின் பாதை 50 கி.மீ. விலகினாலே சென்னைக்கு வர வேண்டிய மழை நெல்லூருக்கோ, கடலுக்குள்ளோ போய்விடும்.

2024 அக்டோபரில் அதுதான் நடந்தது. சென்னைக்கு ரெட் அலர்ட் கொடுக்கப்பட்டது. 15-ம் தேதி நல்ல மழை. கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஆனால் 16-ம் தேதி எதிர்பார்த்த அதி கனமழை நகருக்குள் வரவில்லை. மறுபக்கம், 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் சில மணி நேரத்தில் கொட்டிய மழை யாரும் அந்த அளவில் எதிர்பார்க்காதது. பிற்பகலில் தொடங்கி இரவுக்குள் சாலைகள் முடங்கின. கரையை ஒட்டி திடீரென உருவாகும் சிறிய மேகக்கூட்டங்களை பல மணி நேரம் முன்பே பிடிப்பது இன்றும் கடினம்.

கார்களை மேம்பாலத்தில் நிறுத்தியவர்களைப் பலர் கேலி செய்தார்கள். ஆனால் 2015, 2023 வெள்ளங்களில் வண்டியை இழந்தவர்களுக்கு அது வீண் வேலையாகத் தெரியவில்லை. தவறிய எச்சரிக்கையால் ஒரு நாள் சிரமம். வராத எச்சரிக்கையால் வரும் இழப்பு அதைவிடப் பல மடங்கு.

செல்போன் ஆப் காட்டும் 60% எதைக் குறிக்கிறது?

பல ஆப்களில் '60% மழை' என்று வரும். அந்த இடத்தில், அந்த நேரத்தில் மழை வருவதற்கான வாய்ப்பு பத்தில் ஆறு என்பதே அதன் பொருள். எவ்வளவு மழை என்பதை அது சொல்வதில்லை. தூறலுக்கும் 60%, கனமழைக்கும் 60% வரலாம். பெரும்பாலான ஆப்கள் ஒரு கணினி மாதிரியின் முடிவை அப்படியே காட்டுகின்றன. வானிலை மையத்தின் அறிவிப்பு பல மாதிரிகள், செயற்கைக்கோள் படம், ரேடார் ஆகியவற்றைப் பார்த்து நிபுணர்கள் எடுக்கும் முடிவு. எனவே ஆபத்து தொடர்பான முடிவுகளுக்கு ஆப்பை மட்டும் நம்ப வேண்டாம்.

மீனவர்கள், விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

மீனவர்களுக்கு மழையைவிட காற்றின் வேகமும் கடல் கொந்தளிப்பும்தான் முக்கியம். கரையில் வெயில் அடித்தாலும், கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை இருக்கலாம். 2017 நவம்பர் 29-ல் தாழ்வு மண்டலமாக இருந்த ஒக்கி, மறுநாளே கன்னியாகுமரி அருகே புயலாக மாறியது. அதற்கு முன்பே கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை. ஆழ்கடலில் பல நாட்கள் தங்குபவர்கள், புறப்படும் நாளின் நிலவரத்தை மட்டும் பார்க்காமல் திரும்பும் நாள் வரையிலான முன்னறிவிப்பையும் பார்த்துவிட்டுக் கிளம்புவது அவசியம்.

விவசாயிகளுக்கென மாவட்ட அளவில் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களில் வேளாண் வானிலை ஆலோசனை வெளியாகிறது. அடுத்த 5 நாள் மழை, வெப்பநிலை, காற்றோடு பயிர் ஆலோசனையும் அதில் இருக்கும். 'மேகதூத்' ஆப்பிலும் கிடைக்கும். அடுத்த இரண்டு நாட்களுக்குள் கனமழை என்றால் மேலுரம் போடுவதையும் மருந்து தெளிப்பதையும் தள்ளிப்போடுவது நல்லது. போட்ட யூரியா தண்ணீரோடு போய்விடும். சம்பா வயலில் வடிகாலை முன்கூட்டியே சுத்தம் செய்வது, அறுவடைக்குத் தயாரான கதிரை முந்தி அறுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது ஆகியவற்றுக்கும் முதல் மூன்று நாள் கணிப்பு உதவும்.

அதே மழை, வேறு பாதிப்பு

வானிலை அறிவிப்பு எவ்வளவு மழை என்று சொல்லும். உங்கள் தெருவில் தண்ணீர் நிற்குமா என்பது, ஏற்கெனவே எவ்வளவு பெய்திருக்கிறது, ஏரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அக்டோபர் தொடக்கத்தில் 10 செ.மீ. மழையைக் காய்ந்த மண் குடித்துவிடும். டிசம்பரில் அதே 10 செ.மீ. ஓடும். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தபோது சுற்றியிருந்த ஏரிகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. அடையாறு கரைபுரண்டது. எனவே ஆற்றங்கரை, ஏரிக்குக் கீழே உள்ள பகுதிகளில் வசிப்பவர்கள் மழை அறிவிப்போடு நீர்த்தேக்க நிலவரத்தையும் உபரிநீர் திறப்பு அறிவிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாரம் முழுக்க என்ன செய்யலாம்?

* வாரத் தொடக்கத்தில் 7 நாள் போக்கைப் பாருங்கள். திருமணம், வெளியூர் பயணம், கான்கிரீட் வேலை போன்றவற்றுக்கு மாற்றுத் திட்டம் யோசியுங்கள்.
* இரண்டு நாளுக்கு முன் உங்கள் மாவட்டத்தின் நிறத்தைப் பாருங்கள். ஆரஞ்சு என்றால் குடிநீர், மருந்து, பவர் பேங்க், டார்ச் தயாராக இருக்கட்டும். ஆவணங்களை பாலிதீன் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள்.
* அன்றைய தினம் 3 மணி நேர அறிவிப்பையும் ரேடார் படத்தையும் பாருங்கள். இடி மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' ஆப் உதவும்.
* பழைய ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் வரும் எச்சரிக்கையில் தேதியும் நேரமும் இல்லையென்றால் அதைப் பகிரவும் வேண்டாம்.
* தண்ணீர் தேங்கிய சுரங்கப்பாதையில் வண்டியை இறக்காதீர்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியை நெருங்காதீர்கள்.

உதவிக்கு: மாநில அவசர கட்டுப்பாட்டு மையம் 1070, மாவட்ட கட்டுப்பாட்டு மையம் 1077, சென்னை மாநகராட்சி 1913, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987, கடலில் ஆபத்து என்றால் கடலோர காவல்படை 1554.

அடுத்த முறை "ஓரிரு இடங்களில் கனமழை" என்று கேட்கும்போது, அந்த ஓரிரு இடத்தில் உங்கள் ஊரும் இருக்கலாம் என்று நினைத்துத் தயாராவதே பாதுகாப்பு. மழை பக்கத்து ஊருக்குப் போய்விட்டால், எடுத்து வைத்த டார்ச் அடுத்த மழைக்கு ஆகும்.